தங்கூஸும் நரம்பும்

எங்கள் ஊரில் அதற்குப் பெயர் நரம்பு. தூண்டில் கோலுக்கும் முள்ளுக்கும் நடுவே ஓடுகிற, வெயிலில் தூக்கிப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற நைலான் இழை. பெட்டிக்கடையில் "ஒரு கட்டு நரம்பு குடு" என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், யாரும் என்ன ஏது என்று விசாரிக்க மாட்டார்கள். என் கணவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் ஊரில் அது தங்கூஸ். கல்யாணமான புதிதில் அந்தச் சொல் அவர் வாயில் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

"இன்னாபா அது தங்கூஸு? சேட்டுக் கடை ஸ்வீட்டு மாதிரி கீது பேரு."

"ஏட்டி, நரம்புன்னா ஒடம்புக்குள்ள இருக்கது. அத எவனாச்சும் கட்டுக் கட்டா கடையில விப்பானா?"

நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் நான் லேசில் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. கேலி செய்து செய்தே அவரையும் நரம்பு என்று சொல்ல வைத்தேன். மாப்பிள்ளை நம்ம பாஷைக்கு வந்துட்டாரு என்று என் அம்மா வீட்டில் எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான்.

நான் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அவருக்கு ஒரகடத்தில் பிளாஸ்டிக் மோல்டிங். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் மாறி மாறி வரும். பாதி வாரம் வாசலில் சாவி கைமாற்றுவதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. நாங்கள் இருக்கும் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தால் ஏரிக்கரை, கரையை ஒட்டியே கம்பெனி பஸ் நிற்கும் இடம். ஏரிக்கு ஒரு பக்கம் கரை, எதிர்ப்பக்கம் ஏதோ ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர். நடுவில் கருவேல மரங்கள், தண்ணீர் வந்தால் இடுப்பளவு முழுகி நிற்கும். அந்த மரங்களில்தான் நாரைகள் கூடு கட்டும். மஞ்சள் மூக்கு, முதுகுக்குக் கீழே ரோஸ் கலர் இறகு, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற எதையும் யாரும் நின்று பார்ப்பதில்லை.

வீக்லி ஆஃப் கிடைத்த பையன்கள் அந்தக் கரையில்தான் தூண்டில் போடுவார்கள். தெற்கத்திப் பிள்ளைகள், பீகார்க்காரர்கள், எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. ரூமில் ஃபேன் ஒன்று, ஆள் பத்து. வேறு எங்கே போவார்கள்? அவர்களை நான் திட்டப்போவதில்லை. முள் எங்காவது மாட்டிக்கொண்டால் நரம்பைப் பல்லால் கடித்து அறுத்து அப்படியே விட்டுவிட்டு வேறு கட்டுவார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. அந்த நரம்பு தண்ணீரில் கிடக்கும், புல்லில் கிடக்கும், காற்றில் மரத்தில் போய்ச் சுற்றிக்கொள்ளும். மக்காது.

போன வருஷம் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பார்த்தபோது நடு ஏரி மரத்தில் வெள்ளையாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. யாருடைய சட்டையோ பறந்து போய் மாட்டியிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் அந்தச் சட்டை இறக்கை அடித்தது. காலில் சுற்றிய நரம்பு கிளையில் மாட்டி, ஒரு நாரை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லோரும் அய்யோ பாவம் என்றோம். தண்ணீர் ஆழம். எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. ஷிஃப்டுக்கு நேரம் வேறு. போகும்போதும் தொங்கியது, வரும்போதும் தொங்கியது. ஒரு நாள் அசைவதை நிறுத்திவிட்டது. அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே என்றுதான் பிறகு தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நரம்பு பொறுக்க ஆரம்பித்தேன். முதலில் நான் மட்டும். கரையோரம் புல்லில் குனிந்து நடந்தால், ஒன்றை இழுத்தால் ஒன்பது வரும். கையை அறுக்கும். கம்பெனியில் கொடுக்கிற கையுறையைப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டாவது வாரம், ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் முகம் கழுவாமல்கூட என்னோடு வந்தார். "நீ பாட்டுக்கு ஒத்தையில குனிஞ்சிக்கிட்டு நின்னா பாக்கவன் என்ன நெனப்பான்?" என்றார். பார்க்கிறவன் என்ன நினைத்தால் அவருக்கென்ன, எனக்குத் துணைக்கு வர ஒரு சாக்கு அது.

உடைந்த தண்ணீர் கேன் ஒன்றைக் கரையில் இருந்த கம்பத்தில் கட்டி, அட்டையில் "நரம்பை இங்கே போடவும்" என்று எழுதி மாட்டினோம். முதல் வாரம் அதில் குவார்ட்டர் பாட்டில்களும் பிரியாணிப் பொட்டலக் காகிதமும் இருந்தன. காட்டன் சட்டை போட்ட ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி அட்டையைப் படித்துவிட்டு என்னைக் கேட்டார்.

"இன்னாம்மா, நரம்பு டாக்டர் வராரா இங்க? கால் மரத்துப் போவுது எனக்கு."

அவரிடம் விளக்கிச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, டாக்டர் என்றைக்கு வருவார் என்று மறுபடியும் கேட்டார். அன்று முழுக்க என் கணவரும் நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "தங்கூஸ்னு எழுதியிருந்தா இந்த வம்பு உண்டாட்டி?" என்றார். இல்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சேர்ந்த நரம்பை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி. எரித்தால் புகை நெஞ்சை அடைக்கும். குப்பை வண்டியில் போட்டால் அது போய்ச் சேருவதும் வேறொரு ஏரிதான். பழைய சாமான் கடைக்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, சாமி படத்தை விற்க வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். இரும்பு கொண்டா, பேப்பர் கொண்டா, இது வேணாம்மா என்றார். என் கணவருக்கு ஒரு யோசனை தோன்றியது. "இது நைலான்ட்டி. நாங்க தெனமும் உருக்குதது இந்தச் சரக்கத்தான்" என்று ஒரு பையைப் பிளாண்ட்டுக்கே எடுத்துப் போனார். சூப்பர்வைசர் கோபப்படவில்லை, சிரித்தாராம். காருக்குப் போகிற பார்ட்டில் ஏரி வாடை அடிச்சா யார்ப்பா பதில் சொல்றது என்று கேட்டாராம். அதுவும் சரிதானே.

கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சந்துக்குள், கம்பெனிகளின் பிளாஸ்டிக் கழிவை வாங்கி அரைத்து உருக்கிக் குருணையாக்கி விற்கிற ஒரு ஷெட்டைக் கண்டுபிடித்தோம். முதலாளி நல்ல மனிதர். நீளமாக இருந்தால் மெஷின் தண்டில் சுற்றிக்கொள்ளும், விரல்கணு அளவுக்கு வெட்டிக் கழுவிக் கொண்டுவாங்க, முள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றார். நாங்கள் டிவி முன்னால் உட்கார்ந்து, முருங்கைக்கீரை ஆய்வது போல நரம்பு ஆய்ந்தோம். சீரியலில் யார் யாரைக் கெடுத்தார்கள் என்பதே அந்த மாதங்களில் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு தடவை முதலாளி உருக்கியும் கொடுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடி குருணை. என் கணவர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷத்தைச் சம்பள நாளில்கூட அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை போனபோது, நாங்கள் கொடுத்த மூட்டைகள் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தன. வெயிலில் சாக்கு இற்று, வெட்டிய நரம்பு புழுதியோடு புழுதியாகப் பரவியிருந்தது. மெஷினில் ரெண்டு தடவை அடைச்சிக்கிச்சும்மா, தப்பா நினைக்காதீங்க என்றார் முதலாளி. இத்தனை நாள் நீளமாகக் கிடந்ததைப் பொடிப்பொடியாக்கிப் பரப்பிவிட்டிருக்கிறோம், அதுதான் நாங்கள் செய்த மறுசுழற்சி. இருவரும் உட்கார்ந்து விளக்குமாற்றால் கூட்டி அள்ளினோம். பாதி மண்ணோடுதான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது நாரையைப் பார்த்தேன். ஒரு காலிலிருந்து முழ நீளத்துக்கு நரம்பு பின்னால் இழுபட்டு வந்தது, அது பறக்கும்போது வெயிலில் மின்னியது. கரைக்குக் கிட்டத்து மரத்தில் அதற்குக் கூடு இருந்தது, கூட்டில் குஞ்சு. ஒவ்வொரு முறை அது வந்து இறங்கும்போதும் அந்த வால் ஏதாவது கிளையில் சுற்றிக்கொள்ளுமோ என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். முதல் நாரை தொங்கிய விதம் கண்ணை விட்டுப் போகவே இல்லை. ஏரியைச் சுத்தம் செய்வது, உருக்குவது எல்லாம் நமக்கு ஆகாது, இந்த ஒன்றின் காலிலிருந்து மட்டும் நரம்பை எடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. கடவுளிடம்கூட அவ்வளவுதான் கேட்டேன். இந்த ஒன்று தொங்கக் கூடாது.

மாசியில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. எனக்கு செகண்ட் ஷிஃப்ட், அவர் நைட் முடித்து வந்திருந்தார். காலையில் கரைக்குப் போனோம். கிட்டத்திலேயே, முழங்கால் தண்ணீரில், காட்டாமணக்குச் செடியில் வால் மாட்டிக்கொண்டு அந்த நாரை நின்றிருந்தது. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் களைத்துப்போய், அலகைத் திறந்தபடி எங்களைப் பார்த்தது. தேடிப் போக நினைத்தது தானாக வந்து நிற்கிறதே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வாட்டி, இன்னைக்கு முடிச்சிருவோம்" என்று அவர் லுங்கியை மடித்துக் கட்டினார்.

சேற்றில் இறங்கிப் போனோம். வீட்டுக்கு ஓடிப்போய் நான் எடுத்து வந்த பெட்ஷீட்டை அவர் போட்டு மூடினார், நான் இறக்கையோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். வாத்தை விடப் பெரிய எந்தப் பறவையையும் நான் அதற்கு முன் தொட்டதில்லை. அவ்வளவு உயரத்துக்கு அது ஒன்றுமே கனக்கவில்லை. மீன் வாடை. அதன் நெஞ்சு படபடவென்று என் கையில் அடித்தது. கரைக்கு வந்து உட்கார்ந்து காலை வெளியே எடுத்தோம். நரம்பு இரண்டு காலையும் சுற்றியிருந்தது. இடது கால் பாதம் கறுத்துக் காய்ந்து, எப்போதோ செத்துப் போயிருந்தது. வலது கால் பரவாயில்லை. கணுவுக்கு மேல் மட்டும் வளையம் போல அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. விரலை மடக்கி விரித்தது. "இந்தக் கால் போதும்ட்டி, இது பொழச்சிக்கிடும்" என்றார் அவர்.

மோல்டிங்கில் பார்ட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டுவதற்கு ஒரு நிப்பர் உண்டு. மூக்கு கூர்மையாக, குட்டியாக இருக்கும், அவர் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும். அதில் அவர் கை அவ்வளவு சுத்தம். ஒரு பார்ட்டிலும் கீறல் விழாது என்று சொல்வார்கள். இடது காலில் இருந்ததை நொடியில் நறுக்கி எடுத்தார். பிறகு வலது கால். வளையத்துக்குள் ரத்தமும் சேறும். தண்ணீர் ஊற்றித் துடைத்தார். உள்ளே வெள்ளையாக, மெல்லிசாக, பளபளவென்று ஒன்று தெரிந்தது. அவர் அதன் அடியில் நிப்பரின் மூக்கை நுழைத்தார்.

நான் இருந்த பக்கத்திலிருந்து அது கீழே விரல் வரை ஓடுவது தெரிந்தது. விரல் மடங்கும்போது அதுவும் அசைந்தது. அது நைலான் இல்லை.

"நரம்புபா அது, நரம்பு" என்றேன்.

"நரம்புதான்" என்று சொல்லி வெட்டினார்.

சத்தமே வரவில்லை. மடங்கியிருந்த விரல்கள் மெதுவாகத் திறந்துகொண்டன. திறந்தவை மறுபடி மடங்கவில்லை. அவர் நிப்பரால் வெட்டியதை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மறுபடியும் துடைத்தார். அதற்குப் பக்கத்தில், இன்னும் ஆழத்தில், சதைக்குள் பச்சை ஓடிப்போய்க் கிடந்தது தூண்டில் நரம்பு.

அவர் என் முகத்தைப் பார்த்தார், பறவையின் பாதத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீதான நரம்புன்ன" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் சொன்னார். வேணாம் என்றிருக்கலாம். நிறுத்து என்றிருக்கலாம். கையைத் தட்டிவிட என் இரண்டு கையும் பறவையைப் பிடித்திருந்தன. பதறிய நேரத்தில் எனக்கு வந்தது அந்த ஒரு சொல்தான், என் ஊரில் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிற ஒரே சொல். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

மீதி நரம்பையும் எடுத்தார். சுத்தமாக எடுத்தார். மஞ்சள்தூள் கொண்டுவரட்டுமா என்றார், கட்டுப் போடட்டுமா என்றார். மாட்டாஸ்பத்திரிக்கு போன் செய்தேன். காட்டுப் பறவையைத் தொட எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா, வனத்துறைக்குச் சொல்லுங்க என்றார்கள். அங்கே சொன்னேன், ஆள் அனுப்புகிறோம், நேரமாகும் என்றார்கள். அதற்குள் கரையில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் வீடியோ எடுத்தார். நரம்பை எடுத்தாச்சு இல்ல, விடுங்கக்கா, பாவம் மூச்சு முட்டுது என்றார்கள். அது திமிறிக்கொண்டே இருந்தது. என் பிடி தளர்ந்ததா, நானாக விட்டேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெட்ஷீட்டை உதறிக்கொண்டு, கரையின் சரிவில் இறக்கையை அகல விரித்து, நெஞ்சு புல்லில் உரச உரச எழும்பியது.

பறந்தது. இவ்வளவு நாள் அதன் பின்னால் இழுபட்டு வந்த வால் இல்லை. வட்டமடித்து உயரே போனது. கூட்டம் கைதட்டியது. "பார்த்தியாட்டி, பார்த்தியா" என்றார் அவர்.

சுற்றி வந்து கூட்டுக்கு இறங்கியது. காலை நீட்டியது. பாதம் கிளையில் பட்டு, ஒன்றையும் பிடிக்காமல் வழுக்கியது. இறக்கையை அடித்துக்கொண்டு மேலே போனது. மறுபடி வந்தது. மறுபடி வழுக்கியது. கூட்டிலிருந்த அதன் ஜோடி, வருவதற்கு இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஓரமாக நகர்ந்து நின்றது. இது மேலே போய்விட்டது. கைதட்டியவர்கள் அவரவர் தூண்டிலுக்குத் திரும்பினார்கள்.

மதியம் ஷிஃப்டுக்கு என் பஸ் வந்தது. லீவு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கே நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. அவர் நைட் ஷிஃப்ட் பார்த்த கண்ணோடு, சேற்றுக் காலோடு கரையிலேயே நின்றார். வீட்டுக்குப் போய்ப் படு என்றேன். தலையைக் குனியாமலே "நீ போ" என்றார்.

டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்து போன் செய்தேன்.

"எறங்கிச்சா?"

"இல்லட்டி. மேலயேதான் சுத்துது." பின்னால் லாரி போகிற சத்தம் கேட்டது. "அந்தச் சோடி இன்னும் நகந்து நகந்து எடம் விடுது."

ஃபாரஸ்ட் ஆள் வந்தாரா என்று கேட்டேன். வந்து பார்த்தாராம். பறக்குதே, நல்லாத்தான இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். மணி அடித்தது. போனை வைத்துப் பூட்டிவிட்டு லைனுக்குப் போனேன். சிவப்பு வயர், மஞ்சள் வயர், பச்சை வயர் என்று என் கை பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு பிரேக்கில் எல்லோரும் போன் பேச லாக்கருக்குப் போனார்கள், நான் போகவில்லை.